ஹார்ட்டாப்பில் அவுட்ரிகர்: நாமே துளை போடலாமா?

சுக்கான்:
படகின் ஹார்ட்டாப் (ஃபைபர் கூரை) மேல் 15 அடி அவுட்ரிகர் (தூண்டில் நூலைப் படகுக்கு வெளியே தள்ளிப் பிடிக்கும் நீளக் கம்பு) ஒரு ஜோடி மாட்டப் போகிறேன். அடித்தட்டு, கைப்பிடி, அளவுத்தாள் எல்லாம் பெட்டியிலேயே இருக்கின்றன. ஃபைபர் வேலை ஓரளவு தெரியும் என்பதால் ஆள் வைக்காமல் நானே செய்யலாம் என்று நினைக்கிறேன். இறங்கலாமா?

கொண்டல்:
வேண்டாம் நண்பரே. 15 அடி என்றால் நாலரை மீட்டர். நுனியில் 5 கிலோ இழுத்தாலே, அடியில் 15 செ.மீ. இடைவெளியில் நிற்கும் போல்ட்டுகளுக்கு 150 கிலோ வந்து சேரும். ஹார்ட்டாப் கெட்டிப் பலகை இல்லை, மேலும் கீழும் மெல்லிய ஃபைபர் தோல், நடுவில் நுரையோ பால்சா மரமோ இருக்கும். போல்ட்டை இறுக்கினால் நடுப்பகுதி அமுங்கும், அமுங்கினால் போல்ட் தளரும், தளர்ந்த இடத்தில் தண்ணீர் இறங்கும், பால்சாவாக இருந்தால் அப்புறம் உள்ளுக்குள்ளேயே உளுத்துப் போகும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

நட்டுபோல்ட்:
கொண்டல் போட்ட கணக்கு சரி, எடுத்த முடிவு தப்பு. மீன் கடித்ததும் அவுட்ரிகரில் உள்ள கிளிப் தங்கூசியை (தூண்டில் நூலை) விட்டுவிடும், அதனால் மீனோடு மல்லுக்கட்டுவது தூண்டில் கழிதான், அவுட்ரிகர் இல்லை. மிச்சமுள்ள சுமையைத் தாங்கத்தானே கூரைக்கு அடியில் 6 மி.மீ. அலுமினியத் தட்டு வைக்கிறோம்? போல்ட் துளையைத் தேவைக்கு மேல் பெரிதாகப் போட்டு, உள்ளே இருக்கும் நுரையைச் சுற்றிலும் கொஞ்சம் சுரண்டி எடுத்து, கீழ்ப்பக்கம் டேப் ஒட்டி, கெட்டியாகக் கலந்த எபாக்சியை (கல்போல இறுகும் பிசினை) ஊற்றி, நன்றாக இறுகிய பிறகு சரியான அளவில் மறுபடி துளை போடுங்கள். இப்போது போல்ட் நிற்பது நுரையில் இல்லை, எபாக்சித் தூணில். அமுங்கவும் வழியில்லை, தண்ணீர் நடுவில் போகவும் வழியில்லை. இதற்குப் பொறுமைதான் வேண்டும், பட்டறை வேண்டாம்.

கொண்டல்:
கடித்த மீனை நான் சொல்லவில்லை. பக்கவாட்டு அலையில் படகு உருளும்போது அந்த நீளக் கம்பு உதறுகிறதே, நாள் முழுக்க அடித்தட்டை ஆட்டுவது அதுதான். சரி, தட்டு வைக்கிறீர்கள், எப்படி உள்ளே கொண்டுபோவீர்கள்? பல ஹார்ட்டாப்பில் அடிப்பக்கமும் மூடித்தான் இருக்கும், கை நுழையாது. அதைப் பார்க்காமல் ‘பொறுமை போதும்’ என்று ஒருவரைத் தூண்டிவிடுவது சரியில்லை.

நட்டுபோல்ட்:
கை நுழையாவிட்டால் வட்ட மூடி போட ஒரு வாசல் வெட்ட வேண்டும். தொழில்காரரும் அதைத்தான் செய்வார். ஹோல் சா (டிரில்லில் மாட்டும் வட்ட ரம்பம்) வைத்து வெட்டும்போது மேல் ஜெல்கோட் (ஃபைபரின் பளபளப்பு மேல்பூச்சு) முடியும் வரை பின்பக்கமாகச் சுற்ற விடுங்கள், ஓரம் சில்லு சில்லாகப் பெயராது.

நெடுங்கடல்:
இரண்டு பேரும் பலத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், இடத்தை மறந்துவிட்டீர்கள். கூரைக்குள் விளக்கு, ஸ்பீக்கர், ஆன்டெனா ஒயர் எல்லாம் ஓடும். டிரில் அதில் இறங்கினால் எந்த எபாக்சியும் உதவாது. கைப்பிடி கீழே இறங்குகிற மாடல் என்றால், சுக்கான் பிடிப்பவரை நிற்க வைத்துத் தலை இடிக்கிறதா என்று பாருங்கள். கம்பை மடக்கிப் பின்னால் சாய்க்கும்போது ஆன்டெனாவில் தட்டுகிறதா என்பதும் முக்கியம். இடது வலது அடித்தட்டுகள் கண்ணாடி பிம்பம் மாதிரி இருக்கும், மாற்றி வைத்துத் துளை போட்டால் கம்பு வேறு கோணத்தில் போய் நிற்கும்.

இன்னொன்று, அலுமினியத் தட்டில் 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் நேராக உட்கார்ந்தால் உப்புத்தண்ணீரில் அலுமினியம் அரிக்கும். நடுவில் அரிப்பு தடுக்கும் பசை தடவுங்கள். சீலன்ட்டுக்கு (தண்ணீர் கசியாமல் அடைக்கும் பசைக்கு) 3M 5200 வேண்டாம், பின்னால் கழற்றவே முடியாது. 4200 போதும்.

சுக்கான்:
கூரை விளக்கைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். வெட்டு ஓரத்தில் வெள்ளை நுரை, நகத்தால் கீறினால் காய்ந்த தூளாக உதிர்கிறது. இடப்பக்கம் நான் குறித்த இடத்துக்கு நேர் கீழே ஒயர்க் கட்டு ஓடுகிறது. வலப்பக்கம் காலி. அடித்தட்டை இரண்டு பக்கமும் ஒரு சாண் பின்னால் தள்ளினால் ஒயருக்கும் தப்பும், விளக்குத் துளை வழியாகவே கையும் எட்டும்.

கொண்டல்:
நுரை காய்ந்திருக்கிறது, கையும் எட்டுகிறது என்றால் இந்தப் படகுக்கு நான் சொன்ன தடை இல்லை. ஆனால் பின்னால் தள்ளும்போது கூரையைத் தாங்கும் குழாயிலிருந்து எவ்வளவு விலகுகிறீர்கள் என்று அளந்து சொல்லுங்கள். தாங்கல் இல்லாத ஓரத்தில் போய் நின்றால் தட்டு எவ்வளவு கனமாக இருந்தாலும் கூரையே வளையும். அந்த அளவு தெரியாமல் துளை போடாதீர்கள்.

நட்டுபோல்ட்:
இதில் கொண்டல் பக்கம்தான் நானும். தட்டை நீளமாக வெட்டி, குழாய்க்கு மேல் வரை போகிற மாதிரி வையுங்கள். அளவைப் போடுங்கள், பார்க்கலாம்.