ஏற்காட்டுச் செடிகள் சேலத்து வீட்டுக்குள் வாடுகின்றன: மண் ஈரமாக இருந்தும் இலை கருகுவது ஏன்?

கேள்வி (ஆசிரியை, அழகாபுரம், சேலம்)

அனைவருக்கும் வணக்கம். கடந்த தை மாதம் ஏற்காட்டிலிருந்து இரண்டு ஆந்தூரியம் செடிகளும், ஒரு பீஸ் லில்லியும், ஓர் அரபிக்கா காப்பி நாற்றும் வாங்கி வந்து வீட்டுக் கூடத்தில் வளர்த்து வருகிறேன். என் தந்தையார் சேர்வராயன் மலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் 26 ஆண்டுகள் கணக்கராக இருந்தவர். இப்போது மலையேற முடியாத உடல்நிலையில் எங்களோடு இருக்கிறார். அவர் கண்ணெதிரே ஒரு காப்பிச் செடியாவது இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த நாற்றைக் கொண்டுவந்தேன். எனவே எப்படியாவது அதைக் காப்பாற்ற வேண்டும் என்று விரும்புகிறேன்.

மாசி வரை எல்லாம் நன்றாகவே இருந்தன. பங்குனியில் வெயில் ஏறத் தொடங்கியதும் ஆந்தூரியத்தின் இலை நுனிகள் பழுப்பாகக் கருகின; அந்தக் கருகல் மெல்லிய மஞ்சள் விளிம்போடு இலையின் ஓரம் வழியாக உள்நோக்கி நகர்கிறது. அடி இலைகள் முழுவதும் மஞ்சளாகி விழுகின்றன. பிற்பகலில் செடி துவண்டு போவதைப் பார்த்து, தண்ணீர் போதவில்லை என்று நினைத்து காலையும் மாலையும் ஊற்றினேன். துவளல் கூடியதே தவிரக் குறையவில்லை. தொட்டியைச் சுற்றிச் சிறு கருப்பு ஈக்கள் பறக்கின்றன. காப்பி நாற்றில் புதிதாக வரும் இலைகள் நரம்புகள் மட்டும் பச்சையாகவும் இடைப்பகுதி வெளிர் மஞ்சளாகவும் வருகின்றன. பீஸ் லில்லி மட்டும் தினமும் மாலையில் தலை தொங்கி, தண்ணீர் ஊற்றிய இரண்டு மணி நேரத்தில் நிமிர்ந்துவிடுகிறது.

ஆந்தூரியமும் காப்பியும் பிளாஸ்டிக் தொட்டியில், தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்த கலவையில் உள்ளன. வடிகால் நன்றாக இருக்கட்டும் என்று அடியில் இரண்டு அங்குலத்திற்கு ஜல்லி போட்டு, தொட்டியை ஓர் அழகுப் பீங்கான் தொட்டிக்குள் இறக்கி வைத்திருக்கிறேன். பீஸ் லில்லி மேற்குச் சன்னலோரம் சிறிய மண்தொட்டியில் இருக்கிறது. அதன் வெளிப்புறத்தில் வெள்ளைப் படிவு பூத்திருக்கிறது. கடையில் விசாரித்தபோது மெக்னீசியம் குறைபாடு என்று சொல்லி எப்சம் உப்பு கொடுத்தார்கள். மூன்று முறை ஊற்றியும் பலன் இல்லை. நோயா, பூச்சியா, சத்துக் குறைபாடா, தண்ணீரா என்று பிரித்தறியும் வழியைச் சொன்னால் நன்றியோடு இருப்பேன்.

பதில் 1 (நாற்றங்கால் பணியாளர், ஏற்காடு)

வணக்கம் அம்மா. நீங்கள் இத்தனை விவரமாக எழுதியிருப்பதால் பாதி வேலை முடிந்துவிட்டது. உங்கள் வீட்டில் இருப்பது ஒரே நோய் அன்று. பீஸ் லில்லிக்கு ஒரு கதை, ஆந்தூரியத்திற்கு வேறு கதை. தண்ணீர் ஊற்றியதும் நிமிரும் செடிக்கு உண்மையிலேயே தாகம். மண்தொட்டி தன் சுவர் வழியாகவும் ஈரத்தை இழக்கும். மேற்குச் சன்னலின் வெயிலில் சிறிய தொட்டி ஒரே நாளில் காய்ந்துவிடும். அதைச் சன்னலிலிருந்து நான்கைந்து அடி உள்ளே தள்ளி வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஆந்தூரியத்தில் நீங்கள் காண்பது வேர் மூச்சுத் திணறுவதன் அடையாளம் என்று நினைக்கிறேன். வேர்களுக்குத் தண்ணீரைப் போலவே காற்றும் வேண்டும். கலவையின் இடைவெளிகள் முழுவதும் நீரால் நிரம்பி நின்றால் வேர் அழுகும். அழுகிய வேரால் சுற்றிலும் நீர் இருந்தும் உறிஞ்ச முடியாது. அதனால் மேலே இலை துவள்கிறது. பார்ப்பவருக்கு அது தாகம் போலத் தெரியும், மேலும் தண்ணீர் ஊற்றுவோம், வேர் மேலும் அழுகும். நாற்றங்காலில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நாங்கள் முதலில் கற்றுத் தருவது தொட்டியைத் தூக்கிப் பார்ப்பதைத்தான். துவண்ட செடியின் தொட்டி இலேசாக இருந்தால் தாகம். கனமாக இருந்தால் வேரைப் பார்க்க வேண்டும். தாகத்தில் வாடிய இலை காகிதம் போல மொடமொடப்பாகும். நீர் மிகுந்து வாடிய இலை மென்மையாகத் தொங்கும். அந்தக் கருப்பு ஈக்களும் சாட்சிதான். அவற்றின் புழுக்கள் எப்போதும் ஈரமாக இருக்கும் மேல்மண்ணில் வாழ்பவை.

அடியில் ஜல்லி போடுவது வடிகாலுக்கு உதவும் என்பது மலையிலும் சமவெளியிலும் எல்லோரும் நம்பும் ஒன்று, ஆனால் அது தவறு. காப்பி பில்டரில் டிகாஷன் முழுவதும் இறங்கிய பிறகும் தூளின் அடிப்பகுதி சொதசொதவென்றே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நுண்ணிய பொருள் தன் அடியில் ஓர் அளவு நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, அது நிரம்பினால்தான் கீழே விடும். ஜல்லி போட்டால் அந்த ஈர அடுக்கு மறைவதில்லை, ஜல்லியின் உயரத்திற்கு மேலே ஏறி வேருக்கு அருகில் வந்து நிற்கிறது. போதாததற்கு, பீங்கான் தொட்டிக்குள் வடிந்த நீர் வெளியேற வழியின்றித் தேங்கி நிற்கும்.

ஆந்தூரியத்தைத் தொட்டியிலிருந்து மெதுவாகக் கவிழ்த்து எடுங்கள். நல்ல வேர் தடிப்பாக, வெளிர் நிறத்தில், அழுத்தினால் உறுதியாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பாகி, இரு விரலால் இழுத்தால் மேல்தோல் உறை போலக் கழன்று நடுவில் நூல் மட்டும் மிஞ்சும், நாற்றமும் வரும். அழுகியதைச் சுத்தமான கத்தரியால் வெட்டி எறிந்துவிட்டு, தேங்காய் மட்டைத் துண்டுகள், மரக்கரி, சிறு செங்கல் துண்டுகள் கலந்த கலவையில் நடுங்கள். ஆந்தூரியம் காட்டில் மரத்தின் மேலும் பாறை இடுக்கிலும் வேர்விட்டு வாழும் இனங்களைச் சேர்ந்தது. நெருக்கமான மண் அதற்குப் பகை. அதன் பிறகு, இலை நுனி கருகலுக்கு, தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு நீரை மெதுவாக ஊற்றி, நீரிலிருந்து தொட்டியில் சேரும் உப்பைக் கழுவி விடலாம்.

பதில் 2 (வேளாண் பட்டதாரி, கருப்பூர்)

மேலே ஐயா சொன்னது முழுவதும் சரி. ஆனால் கழுவி விடுவதற்கு எந்தத் தண்ணீரைப் பயன்படுத்துவது என்பதில்தான் இந்தச் சிக்கலின் வேர் இருக்கிறது என்று கருதுகிறேன். சகோதரி, நீங்கள் ஊற்றுவது காவிரித் தண்ணீரா, போர் தண்ணீரா, அல்லது ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவுநீரா?

நம் ஊருக்கு உரிய ஒரு காரணத்தால் இதைக் கேட்கிறேன். சேலத்திற்கும் சேர்வராயன் மலையடிவாரத்திற்கும் நடுவே மாமாங்கம், செட்டிச்சாவடி, கருப்பூர்ப் பக்கம் வெள்ளை வெளேரென்று கிடக்கும் கரடுகள் மேக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட் கனிமம் நிறைந்தவை. இப்படிப்பட்ட பாறைகளின் ஊடே ஊறி வரும் நிலத்தடி நீர் மெக்னீசியத்தையும் பைகார்பனேட்டையும் கரைத்துக்கொண்டு வரும். அதைத்தான் நாம் கடின நீர் என்கிறோம். ஆகவே இங்கே போர் தண்ணீர் ஊற்றி வளர்க்கும் செடிக்கு எப்சம் உப்பு கொடுப்பது, உப்புக் கரித்த குழம்பில் இன்னும் ஒரு பிடி உப்பு போடுவதற்குச் சமம். எப்சம் உப்பு என்பது மெக்னீசியம் சல்பேட். மெக்னீசியம் மிகுந்தால் செடி சுண்ணாம்புச் சத்தை எடுப்பதும் தடைப்படும். உடனே நிறுத்திவிடுங்கள்.

மெக்னீசியம் குறைந்தால் நரம்பிடை மஞ்சள் முதலில் முதிர்ந்த இலைகளில் தோன்றும். செடி அந்தச் சத்தைப் பழைய இலையிலிருந்து பிடுங்கிப் புதிய தளிருக்கு அனுப்பிவிடும் என்பதே காரணம். இரும்பை அப்படி எளிதில் இடம் மாற்ற அதனால் முடியாது. அதனால் இரும்புக் குறைபாடு இளம் இலையில்தான் முதலில் தெரியும். உங்கள் காப்பி நாற்றின் புதிய இலைகள் வெளிறுவது இரும்பு போதாததன் அடையாளம். மண்ணில் இரும்பே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். பைகார்பனேட் மிகுந்த நீரைத் தொடர்ந்து ஊற்றினால் கலவையின் காரத்தன்மை ஏறும். அமில காரக் குறியீடு 7-ஐத் தாண்டினால் இரும்பு கரையாத வடிவத்திற்கு மாறி, இருந்தும் இல்லாததாகிவிடும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் அமிலத்தன்மையுள்ள மண்ணில் முளைத்த நாற்று, 300 மீட்டருக்கும் தாழ்வான ஊரில் இந்தத் தண்ணீரைக் குடிக்க நேர்ந்தால் இப்படித்தான் வெளிறும்.

இலை நுனிக் கருகலும் இதே நீரோடு தொடர்புடையது. இலை வழியாக நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. அது நீரோட்டத்தின் கடைசி நிறுத்தமான நுனியிலும் ஓரத்திலும் சேர்ந்து திசுவை எரிக்கிறது. பங்குனி வெயிலில் நீங்கள் இரு வேளை ஊற்றியபோது உப்பும் இருமடங்காக உள்ளே போயிருக்கிறது. மண்தொட்டியின் வெள்ளைப் படிவும் அந்த உப்புதான். தண்ணீரை இரவு முழுவதும் திறந்து வைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அதனால் குளோரின் வெளியேறும், உப்பு வெளியேறாது.

ஐயா சொன்ன கழுவலை, வேர் அழுகியிருக்கும் தொட்டியில் செய்யாதீர்கள். முதலில் மாற்றி நட்டு, செடி நிலைபெற்ற பிறகு செய்யுங்கள். அதற்கு மழைநீர் மிகச் சிறந்தது. கோடை மழையில் மாடித் தண்ணீரைப் பிடிப்பதானால் முதல் சில நிமிட நீரை வெளியே விட்டுவிடுங்கள்.

கேட்டவர் மறுமொழி (நான்கு நாள் கழித்து)

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நான் மூன்று மாதங்களாக ஊற்றி வந்தது ஆர்.ஓ. கழிவுநீர்தான், தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று ஒரு வாளியில் பிடித்து வைத்திருந்தேன். நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரைப் பக்கத்து வீட்டில் வாங்கிப் பார்த்தேன். போர் தண்ணீர் 940, ஆர்.ஓ. கழிவு 1,230, ஆர்.ஓ. நல்ல நீர் 60 என்று காட்டியது. 4 லிட்டர் உள்ளே சென்று 1 லிட்டர் நல்ல நீராகப் பிரியும்போது அதிலிருந்த உப்பும் மீதி 3 லிட்டரில் சேரும் என்பது எனக்கு இதுவரை தோன்றவே இல்லை.

ஆந்தூரியங்களைக் கவிழ்த்துப் பார்த்தேன். பீங்கான் தொட்டியில் நான்கு விரற்கடை நீர் நின்றது. ஒரு செடியில் பாதி வேர் நன்றாக இருந்தது. மற்றொன்றில் ஏறத்தாழ எல்லா வேரும் உறை கழன்று வந்துவிட்டது. மனம் மிகவும் வருந்தியது. காப்பி நாற்றின் வேர் வெள்ளையாகவே இருக்கிறது. ஆனால் அதன் முதிர்ந்த இலைகளில் ஊசியால் குத்தியது போன்ற வெளிர் புள்ளிகள் உள்ளன. இதுவும் உப்பினாலா?

பதில் 3 (வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர், அம்மாபேட்டை)

புள்ளிகள் உப்பினால் வருவதில்லை, சகோதரி. ஒரு வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்து இலையைத் தட்டுங்கள்; விழும் துகள்கள் நகர்ந்தால் அவை செஞ்சிலந்திகள், அதாவது இலைச்சாற்றை உறிஞ்சும் நுண்ணிய சிலந்திப்பேன்கள். ஏ.சி. ஓடும் வறண்ட கூடம் அவை பெருகுவதற்கு ஏற்ற இடம். இலையின் அடிப்புறத்தை ஈரத் துணியால் துடைத்து, 1 லிட்டர் நீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சில துளி சோப்புக் கரைசலோடு கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு அடிப்புறம் நனையும்படி தெளியுங்கள். முட்டைகள் பொரித்து வரும் என்பதால் ஐந்து நாள் இடைவெளியில் மூன்று முறையாவது தெளிக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒரே முறையோடு நிறுத்தி ஒரு பெரிய செம்பருத்தியை இழந்திருக்கிறேன்.

பதில் 4 (வேளாண் பட்டதாரி, கருப்பூர்)

ஆர்.ஓ. நல்ல நீரையும் போர் தண்ணீரையும் 3 பங்குக்கு 1 பங்காகக் கலந்தால் உங்கள் அளவுகளின்படி 280 அளவில் வரும். இந்தச் செடிகளுக்கு அது பொருந்தும். கழிவுநீரைத் தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். காப்பியின் வெளிறலுக்கு, மண்ணில் வெறும் இரும்பு சல்பேட்டைப் போட்டால் அதுவும் காரத்தில் கட்டுண்டுவிடும். வயல் பயிருக்கு 0.5 சதவீதக் கரைசலை இலைவழி தெளிப்போம். தொட்டி நாற்றுக்கு அதில் பாதி, அதாவது 1 லிட்டருக்கு 2.5 கிராம் இரும்பு சல்பேட்டும் சிறிது சிட்ரிக் அமிலமும் போதும். வேப்பெண்ணெய் தெளிக்கும் நாளில் இதைத் தெளிக்க வேண்டாம்.

பதில் 5 (நாற்றங்கால் பணியாளர், ஏற்காடு)

ஆர்.ஓ. கழிவு என்று நான் நினைக்கவே இல்லை. மலையில் அந்தப் பழக்கம் குறைவு. தம்பி திருத்திச் சொன்னதற்கு நன்றி. அம்மா, வேர் முழுவதும் போன ஆந்தூரியத்தை இன்னும் எறிய வேண்டாம். தண்டு உறுதியாக இருந்தால் அழுகிய பகுதியை நல்ல திசு தெரியும் வரை வெட்டி, இரண்டு இலைகளை மட்டும் விட்டு, ஈரமான மட்டைத் துண்டுகளில் நிறுத்தி, மேலே ஒரு பிளாஸ்டிக் பையைத் தளர்வாகக் கவிழ்த்து நிழலில் வையுங்கள். கணுவிலிருந்து வேர் வர வாய்ப்புண்டு, வராமலும் போகலாம்.

காப்பி நாற்றுக்கு நார்க்கழிவு மட்டும் போதாது. நாற்றங்காலில் 6 பங்கு காட்டு மேல்மண், 2 பங்கு மக்கிய எரு, 1 பங்கு மணல் என்று கலப்பது வழக்கம். உங்கள் தந்தையாருக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரிந்திருக்கும், அவரையே கலக்கச் சொல்லுங்கள். மேல்மண் விரலின் இரண்டாம் கணு வரை காய்ந்த பிறகு, துளை வழியாக வடியும் வரை ஊற்றி, வடிந்ததை உடனே கொட்டிவிட வேண்டும். கருகிய நுனி மீண்டும் பச்சையாகாது. அதைப் பார்த்துக் கவலைப்படாமல், அடுத்து விரியும் இலை ஜோடியின் நிறத்தைக் கவனித்து வாருங்கள்.

கேட்டவர் மறுமொழி (ஆறு வாரம் கழித்து)

அப்பாவே கலவையைப் பிசைந்து தொட்டியை நிரப்பினார். காப்பியில் நேற்று விரிந்த ஜோடி கரும்பச்சையாக, மினுமினுப்பாக இருக்கிறது. ஒரு ஆந்தூரியம் புதுத் தளிர் விட்டுவிட்டது. மற்றதில் இன்னும் வேர் வரவில்லை, தண்டு மட்டும் உறுதியாக இருக்கிறது, பையைக் கழற்றாமல் வைத்திருக்கிறேன்.