ஒன்பது குஞ்சுக்கு 100 டோஸ் மருந்தா?

வணக்கம் நண்பர்களே. கொல்லையில சிறுவிடை நாட்டுக்கோழி கொஞ்சம் வளர்க்கிறேன், வீட்டு முட்டைக்குத்தான். கருப்புப் பெட்டை இப்ப ஒன்பது குஞ்சோட திரியுது. கெட்டிக்காரி. பருந்து நிழல் தெரிஞ்சாலே ஒரு குரல் கொடுப்பா, குஞ்சு மொத்தமும் றெக்கைக்குள்ள போயிடும்.

கவலை வெள்ளைக்கழிச்சல் நோய்தான். பக்கத்துத் தெருவுல கோழிங்க பச்சையா கழிஞ்சு, கழுத்து முறுக்கிச் சாகுது. ஏழாம் நாள் லசோட்டா தடுப்பு மருந்து கண்ணுலயோ மூக்குலயோ ஒரு சொட்டு, எட்டாவது வாரம் ஆர்2பி தடுப்பூசி. இதெல்லாம் தெரியும். ஆனா கடையில 100 டோஸ் குப்பிதான் தர்றாங்க. கலந்துட்டா ரெண்டு மணி நேரத்துக்குள்ள போட்டு முடிச்சிடணும், மிச்சத்தை ஃப்ரிட்ஜ்ல வச்சாலும் பலிக்காது. காசு பெருசில்ல, அவ்வளவும் கீழ கொட்டத்தான் மனசு வரல.

அரசு தடுப்பூசி முகாம் பெரும்பாலும் பிப்ரவரியிலதான் நடக்குது, அதுவும் எட்டு வாரம் தாண்டின கோழிக்கு. அதுவரைக்கும் குஞ்சுங்க தாங்கணுமே!

கொஞ்சமா வளர்க்கிறவங்க என்ன செய்றீங்க? நாலு வீடு சேர்ந்து ஒரே நாள்ல போடுறீங்களா? அப்போ குஞ்சுங்க வயசு முன்னப்பின்ன இருந்தா பரவாயில்லையா? தாய்கிட்ட கொத்து வாங்காம குஞ்சைப் பிடிக்க வழி இருந்தாலும் சொல்லுங்க.