புதுப்பிப்பு: மகளோடு காட்டுப் பாதையில் நடந்துவிட்டு வந்தேன்

ஏழு வயது மகளை இயற்கைக் காப்பிடத்துக்குக் கூட்டிப் போகலாமா, அலுத்துக்கொள்வாளா என்று போன வாரம் கேட்டிருந்தேன். விடியற்காலையில் போங்கள், சின்னப் பாதையே போதும் என்று பலர் சொன்னீர்கள். போய் வந்தாயிற்று.

முதல் அரைமணி நேரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் நடந்தாள். மான் எங்கே, மான் எங்கே என்று ஒரே நச்சரிப்பு. அப்புறம் வழிகாட்டி ஒரு மரத்தடியில் பிள்ளைகளை எல்லாம் உட்கார வைத்தார். பொடிமண்ணில் புனல் மாதிரி சின்னச் சின்னக் குழிகள். குழியானை என்கிற பூச்சி தோண்டியவை! ஓரத்தில் ஓர் எறும்பு சறுக்கியதுதான் தாமதம், அடியிலிருந்து குழியானை மண்ணை வாரி வீசியது. எறும்பு உருண்டு உள்ளே போய்விட்டது. இது புழுப் பருவம்தான், வளர்ந்தால் தட்டான் போல இறக்கை முளைக்கும், அதுவரை கக்கா போவதே இல்லை என்றார். அவ்வளவுதான், பிள்ளைகளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

மீதிப் பாதை முழுக்க மகள் குனிந்தபடியே நடந்தாள். மேலே மரங்கொத்தி தட்டியது என் காதில் மட்டும்தான் விழுந்தது. ஆசையாக வாங்கிய பைனாகுலர் பையைவிட்டு வெளியே வரவே இல்லை.

முழுக்கால் சட்டை போடச் சொன்னவருக்குத் தனி நன்றி. அவளுக்குப் போட்டுவிட்டேன். நான் போடவில்லை, இன்னும் சொறிந்துகொண்டிருக்கிறேன்.