இழை: குறையொளிப் பறவைப் படங்களில் மொய்க்கும் புள்ளிகளுக்கு என்ன சொல்?

அனைவருக்கும் வணக்கம்.

காட்டுப் பறவைகளைக் குறையொளியில் படமெடுப்பது பற்றிய பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். நாளை காலை அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு சொல்லில் நிற்கிறேன். அந்தி மங்கியபின் எடுத்த ஆந்தைப் படத்தைப் பெரிதாக்கினால், இறக்கையடி நிழலில் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் மொய்க்குமே, அதற்கு. ஆங்கிலத்தில் 'நாய்ஸ்' (noise). நான் 'இரைச்சல்' என்று போட்டு வைத்திருக்கிறேன். ஆனால் இதே கையேட்டில் பறவைக் குரலைப் பதிவு செய்ய ஒரு பாடம் உண்டு. அங்கே காற்றிரைச்சல், இங்கே பட இரைச்சல். முதன்முறை படிப்பவர் குழம்ப மாட்டாரா?

*

> முதன்முறை படிப்பவர் குழம்ப மாட்டாரா?

குழம்புவார், அம்மா. இரைச்சல் செவிக்கு உரியது. 'கம்பலை சும்மை கலியே அழுங்கல் என்றிவை நான்கும் அரவப் பொருள' என்று தொல்காப்பியர் நான்கு சொல் தருகிறார். அவற்றில் எதைக் கண்ணுக்குக் கொண்டுவந்து ஒட்டுவது?

என் பரிந்துரை 'நொய்'. பொடிந்து சிதறிய அரிசியை நொய் என்கிறோம். நொய்ம்மை என்றால் வலுவின்மை. ஒளி நொய்ந்தால் படத்தில் நொய் விழுகிறது. காரணமும் விளைவும் ஒரே வேரில் நிற்கின்றன. நுண், நுணங்கு, நுனி, நுதி, நொசிவு என்று சிறுமைப் பொருளில் வரும் குடும்பத்தோடும் இது சேரும். நொடியையும் இங்கே சேர்க்கலாம் என்பது என் நெடுநாள் எண்ணம். தனி மடலில் எழுதுகிறேன். ஆங்கிலச் சொல்லோடு ஒலி ஒத்திருப்பது கூடுதல் வசதி.

*

ஐயா, அந்த வசதிதான் எனக்கு அச்சம். ஆங்கிலச் சொல்லே நம் நொய்யிலிருந்து போனது என்று அடுத்த மாதமே யாராவது எழுதுவார்கள். அது பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்குள் வந்த சொல்.

ஒலியோ வானொலி அலையோ படமோ, குறிகையோடு, அதாவது நமக்கு வேண்டிய தகவலோடு, கலக்கும் தற்செயல் ஏற்ற இறக்கம் எல்லாம் ஒரே இனம். கேமராவில் ஒளியை வாங்கும் உணரியின் ஓரிடத்தில் சராசரியாக 10,000 ஒளித்துகள் விழுந்தால் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 100, அதாவது 1 விழுக்காடு. 100 மட்டும் விழுந்தால் 10, அதாவது 10 விழுக்காடு. இருட்டில் படம் பொரிப்பொரியாகத் தெரிவது இதனால்தான். 'குறிகை–இரைச்சல் விகிதம்' என்று எழுதிப் பழகியவர்களுக்குப் படத்துக்கென்று தனிச்சொல் கொடுத்தால் இந்த உறவு அறுந்துபோகும்.

*

நான் களத்தில் சொல்லிக்கொடுப்பவன். எங்கள் பேச்சில் 'நாய்ஸ்', கொஞ்சம் தமிழாக்கினால் 'குருணை'. குருணையைப் போடுங்களேன்?

பெயரைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. இரைச்சல் என்றதும் மாணவர் அதைக் கேமரா போடும் சத்தம் என்று எடுத்துக்கொண்டு ஒளியுணர்திறன் அளவான ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டவே பயப்படுகிறார். தரையில் ஒடுங்கியிருக்கும் பக்கி என்ற இரவுப் பறவையை ஐ.எஸ்.ஓ. 400-இல் 1/30 நொடிக்கு எடுக்கிறார். முக்காலி அசையாமல்தான் நிற்கும், பக்கி தலையைத் திருப்பிவிடுகிறது. கண் இழுபட்ட படத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. 1600-க்குப் போயிருந்தால் 1/125 கிடைத்திருக்கும். புள்ளிகளைப் பிறகு தணித்துக்கொள்ளலாம். இருட்டாக எடுத்துவிட்டுக் கணினியில் வெளிச்சமேற்றினால் நிழலில் இன்னும் மோசம். குற்றவாளி ஐ.எஸ்.ஓ. இல்லை, ஒளிக்குறைவு. அந்த வகையில் ஐயாவின் நொய்ம்மை எனக்குப் பிடித்திருக்கிறது, மாணவர் வாயில் நுழையுமா என்பதுதான் கேள்வி.

*

> கொஞ்சம் தமிழாக்கினால் 'குருணை'

குருணையைப் படச்சுருளுக்கு விட்டுவிடுங்கள். அது வெள்ளி உப்புப் படிகங்களால் வருவது, இது வேறு. இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால் பழைய படங்களைப் பற்றி எழுதுபவர் கை கட்டப்படும்.

*

ஆந்தை பற்றிய பேச்சு வந்ததால் ஒன்று. நற்றிணை 83-இல் தோழி கூகை என்னும் பெரிய ஆந்தையிடம், சுட்ட எலியிறைச்சியோடு சோறு தருகிறோம், இரவில் கடுங்குரல் எழுப்பாதே என்று வேண்டுகிறாள். குரலே அங்கே இடையூறு. பறவையைப் பேசும் நூலில் இரைச்சல் காதுக்கே இருக்கட்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

*

சான்று இனிமையாக இருக்கிறது, ஐயா, ஆனால் அச்சகம் காத்திருக்கிறது. ஒலிப் பாடத்தில் 'ஒலியிரைச்சல்', படப் பாடத்தில் 'பட இரைச்சல்' என்று முன்னொட்டோடு போடுகிறேன். மூவர் இதற்கு இசைந்திருக்கிறார்கள். ஐ.எஸ்.ஓ. பற்றிய விளக்கத்தைக் களத்து நண்பர் சொன்னபடியே, அந்தப் பக்கியோடு, தனிப் பத்தியாகச் சேர்த்துவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

*

அச்சுக்குப் போகட்டும், அம்மா. நான் இசையவில்லை என்பதை மட்டும் இழையில் பதிந்து வையுங்கள். 'பட இரைச்சல்' என்பதில் 'பட' ஏன் வந்தது? இரைச்சல் தனியே நிற்க முடியவில்லை என்பதால்தானே? நொய் தனியே நிற்கும். அடுத்த பதிப்புக்குள் நொடிக் கட்டுரையை முடித்து அனுப்புகிறேன்.