மறு: ‘ரீசா’ செய்வதற்குத் தமிழில் என்ன சொல்வது?

வணக்கம். மரவேலையில் ‘ரீசா’ (resaw) என்பது ஒரு பலகையின் கனத்தைப் பிரித்து மெல்லிய தகடுகளாக அறுப்பது. அதற்குத்தான் தமிழ்ச்சொல் தேடுகிறோம்.

> ‘மறுஅறுப்பு’ என்றே வைத்துவிடலாம். பார்த்ததும் புரிகிறது.

எனக்கு அது வேறு மாதிரி புரிகிறது. அளவு தப்பிப்போய்த் திரும்ப அறுத்தார்கள் போல என்றுதான் நினைப்பேன். சேர்த்து எழுதினால் ‘மறுவறுப்பு’. அதில் வறுப்புதான் முதலில் கண்ணில் படுகிறது. கனம், அறுப்பு இரண்டையும் சேர்த்த ‘கனமறுப்பு’க்கும் இதே கதி, மறுப்பு முந்திக்கொள்கிறது.

முதலில் வேலையைப் பார்ப்போம். நாரோட்டத்துக்குக் குறுக்கே அறுப்பது குறுக்கறுப்பு, நீளம் குறைகிறது. பலகையைப் படுக்கவைத்து நாரோட்டத்தோடு அறுப்பது நெடுக்கறுப்பு, அகலம் குறைகிறது. நாம் பேசுவது மூன்றாவது. பலகையை விளிம்பின்மேல் நிறுத்தி, உயரமான அணைப்பலகையில் சாய்த்து அறுக்கிறோம். நீளமும் அகலமும் அப்படியே நிற்க, கனம் மட்டும் பிரிகிறது. சுவரில் பதிக்க 25 மி.மீ. கடின மரப்பலகையை 6 மி.மீ. தகடுகளாக்குவது இப்படித்தான்.

இதற்கு நம்மிடம் ஏற்கெனவே வினை இருக்கிறது: வகிர்தல். நீளவாக்கில் கீறிப் பிளப்பது. மாவடுவை நெடுக்கப் பிளந்த கீற்றை ‘வடுவகிர்’ என்று பழம்பாடல்கள் கண்ணுக்கு உவமை சொல்லின. தலையில் எடுக்கும் வகிடும் இதற்கு உறவுதான். வகிர்ந்தேன், வகிர்ந்த பலகை, வகிர்பலகை என்று எல்லா வடிவமும் இயல்பாக வருகிறது. ‘வகிர்வாள்’ மட்டும் வேண்டாம், ‘அவள் வகிர்வாள்’ என்று படிக்க இடமிருக்கிறது. ‘வகிர் ரம்பம்’ என்று பிரித்தே எழுதலாம்.

> ‘ஏட்டறுப்பு’ இன்னும் அழகு இல்லையா?

அழகுதான். ஆனால் ஏடு என்ற சொல் வெனீருக்கு, அதாவது மேலே ஒட்டும் மெல்லிய மரத்தாளுக்கு, வேண்டும். அது கத்தியால் சீவி எடுப்பது, பெரும்பாலும் 1 மி.மீ.க்கும் மெலிது, தூள் விழாது. ரம்பத்தில் தூள் விழும், எத்தனை தகடு தேறும் என்பதே அந்தத் தூளைப் பொறுத்தது. வட்ட ரம்பம் ஒரு ஓட்டத்துக்குச் சுமார் 3 மி.மீ. தின்றுவிடும், பட்டை ரம்பமான பேண்ட்சா 1 மி.மீ. அளவில் நிற்கும். அதே 25 மி.மீ. பலகையில் மூன்று தகட்டுக்கு 18, பேண்ட்சாவின் இரண்டு ஓட்டத்துக்கு 2, மீதி 5 மி.மீ. இழைத்துச் சமப்படுத்தக் கிடைக்கும். வட்ட ரம்பமென்றால் தூளுக்கே 6 போய், இழைக்க 1 மி.மீ.தான் மிஞ்சும்; ஆறு முகத்துக்கு அது போதவே போதாது. இந்த இழப்பை ‘அறுப்புச் சேதாரம்’ எனலாமா? பொன் வேலையில் எல்லாரும் அறிந்த சொல்.

இன்னொன்று. போன முறை வகிர்ந்த தகடுகளை அப்படியே மேசையில் போட்டுவிட்டேன். மறுநாள் காலையில் ஒவ்வொன்றும் கூரையோடு போலக் குழிந்து கிடந்தது. பலகையின் உள்ளே ஈரம் கூடுதலாக இருந்திருக்கிறது. புதிதாகத் திறந்த முகம் காய்ந்து சுருங்கியதும் தகடு அந்தப் பக்கமாக வளைந்துவிட்டது. இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, சில நாள் விட்டு, அப்புறம்தான் இழைத்திருக்க வேண்டும். இதையெல்லாம் நாம் பொதுவாகக் ‘கோணல்’ என்று எழுதிவருகிறோம். அதில் எந்தக் கோணல் என்று தெரிவதில்லை. அகலவாக்கில் வருவதற்குக் ‘குழிவு’, நீளவாக்கில் ‘வில்வளைவு’, மூலைக்கு மூலை திரும்பினால் ‘முறுக்கு’ என்று பிரித்துக்கொள்ளலாம்.

வேறு சொல் தோன்றினால் தனியாக அனுப்பாமல் ஒரு வாக்கியத்தில் வைத்து எழுதுங்கள். என்னுடையது: ‘பலகையை மூன்றாக வகிர்ந்து, குழிவு அடங்கும்வரை குச்சியடுக்கில் வைத்து, பிறகு இழைக்கவும்.’