மோட்டோரோலா ரேஸர் வி3: கீலைக் கழற்றிப் பழக்கம் உள்ளவங்க இருக்கீங்களா?

வணக்கம். அப்பா வெச்சிருந்த ரேஸர் வி3 மடக்கு போனுக்கு ஹவுசிங் (வெளிக்கூடு) மாத்தணும். 2004-ல வந்த மாடல். கீழே விழுந்து மேல்மூடி நசுங்கிடுச்சு. கீல் வழியா டிஸ்ப்ளேக்குப் போற ஃபிளெக்ஸ் கேபிளும் (வளையுற மெல்லிய பட்டை கேபிள்) போயிருக்கும்னு நினைக்கிறேன். பாதி திறந்தா டிஸ்ப்ளே பளிச்சுனு தெரியுது, முழுசா விரிச்சா வெள்ளையாயிடுது. போர்டு கோளாறா இருந்தா இப்படிக் கோணம் பார்த்து வந்து போகாதே!

பின்மூடி, பேட்டரி, சிம் எல்லாம் எடுத்தாச்சு. நட்சத்திரத் தலை ஸ்க்ரூவுக்கு டார்க்ஸ் டிரைவரும் கைவசம் இருக்கு. சிக்கல் கீல்தான். ஸ்பிரிங் இருக்கிற உருளையை எந்தப் பக்கமா நெம்பி எடுக்கணும்? கேபிள் அந்த வழியாத்தான் மேலே போகுது, கொஞ்சம் இழுத்தாலும் கிழிஞ்சிடும். கீபேட் வேற ஒரே உலோகத் தகடு, வளைஞ்சா நிமிர்த்த முடியாது. கீபேடைப் பெயர்த்தெடுக்க ஹீட் கன் காட்டலாமா, ஹேர் டிரையரே போதுமா?

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகள்ல கேட்டா "புதுசு வாங்கிக்கோங்க சார்"ங்கிறாங்க. ஃபிளெக்ஸோட முழு ஹவுசிங் யார்கிட்டயாவது இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க. வெள்ளி நிறம்தான் வேணும். ஷோகேஸ்ல வைக்க இல்லைங்க, ஏர்டெல் 2ஜி-ல இன்னும் பேசலாம்.