கணக்காளர் வேலையிலிருந்து கிராண்ட் எழுத்துக்கு: ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கேள்வி: கொழும்பில் எட்டு வருடம் கணக்காளர். இங்கே கிராண்ட் எழுதும் வேலைக்கு, அதாவது சங்கங்களுக்காக நிதியுதவி கேட்டு விண்ணப்பம் எழுதும் வேலைக்கு, மாறலாமா? ஆங்கிலம் சுமார்தான்.

பதில் 1:
மாறலாம் தம்பி. அழகான ஆங்கிலத்துக்கு இங்கே ஒருவரும் காசு தருவதில்லை. கேட்ட கேள்விக்கு நேர் பதில், அதோடு ஒத்துப்போகும் பட்ஜெற், இரண்டும் இருந்தால் போதும். அதிகம் பேர் வழுக்குவது பட்ஜெற்றில். அது உங்களுக்குக் கைவந்த வேலை.

பொருள், சேவை வாங்கும்போது கட்டும் எச்எஸ்ரி வரியையே பாருங்கள். ஒன்ராறியோவில் 13 வீதம். ஆனால் பதிவுபெற்ற சரிட்டிக்கு (தொண்டு நிறுவனத்துக்கு) மத்திய அரசின் 5 வீதத்தில் பாதியும், மாகாணத்தின் 8 வீதத்தில் 82 வீதமும் திரும்பி வரும். கையைவிட்டுப் போவது 3.94 வீதம்தான். முழு 13ஐயும் செலவில் போட்டால், பட்ஜெற் தெரிந்தவர் பார்த்த உடனே பிடித்துவிடுவார்.

சம்பளத்தில் தவறு மறுபக்கம் நடக்கும். மணிக்கு 25 டொலர், 400 மணி, ஆகவே 10,000 என்று எழுதிவிடுவார்கள். முதலாளி பங்கான சிபிபி (ஓய்வூதியக் கட்டணம்) 5.95 வீதம், தொழிலாளி கட்டுவதைப்போல் 1.4 மடங்கு ஈஐ (வேலையிழப்புக் காப்புறுதி), 4 வீத விடுமுறைச் சம்பளம் மூன்றும் விடுபட்டிருக்கும். ஆயிரம் டொலருக்கு மேல் துண்டு விழும். அது சங்கத்தின் பெட்டியிலிருந்துதான் போகும்.

யாரிடம் நிதி கேட்பது என்பதற்குக் காசு கட்டித் தேடவேண்டாம். கனடா வருவாய் முகமையின் சரிட்டிப் பட்டியலில் நிதி கொடுக்கும் ஒவ்வொரு அறக்கட்டளையின் ரி3010 என்ற வருடாந்தக் கணக்குப் படிவமும் இலவசமாகக் கிடக்கிறது. எந்தச் சரிட்டிக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பது பெயரோடு இருக்கும். மூன்று வருடப் படிவங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே ஐந்து பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தால் அந்தக் கதவு பூட்டு. அதிகபட்சம் 5,000 கொடுத்தவரிடம் 50,000 கேட்பதும் வீண்.

பழகுவதற்கு மத்திய அரசின் நியூ ஹொரைசன்ஸ் முதியோர் திட்டம் நல்லது. ஊர்ச்சங்கம், முதியோர் மன்றம் போன்றவை 25,000 டொலர் வரை கேட்கும் பிரிவு அதில் உண்டு. ஒரு பொறி இருக்கிறது: திட்டத்தை முதியோரே நடத்தவோ தூண்டவோ வேண்டும். இளையவர்கள் நடத்த, முதியோர் வந்து சாப்பிட்டுப் போகும் திட்டத்தை எழுதினால் அங்கேயே விழுந்துவிடும்.

பதில் 2:
அண்ணை சொன்னதோடு இரண்டு விஷயம். கிடைக்கும் தொகையில் இத்தனை வீதம் என்று கூலி பேசாதீர்கள். நிதி திரட்டுவோர் சங்கமான ஏஎப்பியின் நெறிக்கோவை அதைத் தன் உறுப்பினர்களுக்குத் தடுத்திருக்கிறது. மணிக்கணக்கோ மொத்தத் தொகையோ, தெரிந்த சங்கம் என்றாலும் எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்தது வேலை தேடுவது. 'கிராண்ட் ரைட்டர்' என்று மட்டும் தேடினால் கொஞ்சம்தான் அகப்படும். 'டெவலப்மென்ட் ஒஃபிசர்' (நிதி திரட்டும் அலுவலர்), 'கிராண்ட்ஸ் கோஓர்டினேட்டர்' என்றும் சரிட்டி வில்லேஜ் என்ற வேலைவாய்ப்புத் தளத்தில் தேடுங்கள். கணக்காளருக்குச் சுலபமான வாசல் கிராண்ட் கிடைத்தபின் செலவறிக்கை தயாரிக்கும் வேலை. கொடுத்தவர் எதை ஏற்கிறார், எதை வெட்டுகிறார் என்பது அங்கேதான் பிடிபடும். அதைப் பிடித்துக்கொண்டு விண்ணப்பம் எழுதும் பக்கம் மெல்ல நகரலாம்.